அரசாங்கப் பழஞ்சுவடிகளும் மாணவர் பணியும்

சுவடி என்ற சொல்லைக் கேட்டவுடன் நம்மவர் நினைவுக்கு வருவது பனையோலை. கறையான் தின்றது போக எஞ்சிய ஏடுகளை ஊரூராகத் தேடி எடுத்து, ஒப்புநோக்கி, அச்சேற்றிய பெரியார்களை நாம் வணங்குகின்றோம். ஆறுமுக நாவலரின் படம் இல்லாத சைவப் பாடசாலை இல்லை. சிறுப்பிட்டியிலே பிறந்து, வட்டுக்கோட்டை மிஷன் கல்லூரியிலே கற்று, 1885ஆம் ஆண்டு தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும் 1887ஆம் ஆண்டு கலித்தொகையையும் அச்சிலே தந்த தாமோதரம்பிள்ளையவர்களின் பெயரைக் கேட்டால் மாணவரும் எழுந்து நிற்பர். அது தகும்.

ஆனால் வேறு ஒருவகைச் சுவடியும் உண்டு. அது காகிதத்தில் உள்ளது. அதிலே செய்யுள் இல்லை. எந்தக் கிராமத்தில் எத்தனை தென்னை, எந்த உடையார் எவ்வளவு வரி செலுத்தவில்லை, எந்தக் குளத்தின் அணை எப்போது உடைந்தது, எந்த விதவை தன் சீதனக் காணிக்காக யாருக்கு மனுக் கொடுத்தாள் என்பன போன்ற செய்திகளே அதில் உள்ளன. அரசாங்கம் தன் அலுவலுக்காக எழுதி, அலுவல் முடிந்ததும் கட்டிப் போட்ட தாள்கள் அவை. இவற்றைத் தேடியவரையும் அடுக்கியவரையும் பட்டியல் எழுதியவரையும் நாம் அறியோம். அறிந்தாலும், “அது இலிகிதர் வேலைதானே” என்று சொல்லிவிடுவோம். மூன்று தலைமுறையாகப் பிள்ளைகளை இலிகிதர் சேவைப் பரீட்சைக்கு அனுப்பி, அந்தச் சம்பளத்தில் கல்வீடு கட்டிய ஊரிலே இந்த ஏளனம் எழுவது எனக்கு எப்போதும் வேடிக்கையாகவே இருக்கின்றது.

அந்தத் தாள்களை அடுக்கும் வேலை வரலாற்றுக் கல்வியின் வாசற்படியன்று, அதுவே வரலாற்றுக் கல்வி என்பதும், அவ்வேலை உலகில் முறையாகத் தொடங்கிய நாள் முதல் அதைச் செய்தவர்களுள் நம் வயதினரான மாணவர் இருந்தனர் என்பதும் இக்கட்டுரையிற் சொல்ல முற்படுவன.

பிரான்சு தேசத்திலே 1789ஆம் ஆண்டு மூண்ட புரட்சி அரசரை மட்டும் வீழ்த்தவில்லை. மடங்களையும் பிரபுக்களின் மாளிகைகளையும் பறிமுதல் செய்தது. அங்கே பல நூற்றாண்டுகளாகச் சேர்ந்திருந்த தானப் பத்திரங்களும் பட்டயங்களும் வண்டி வண்டியாக அரசாங்கத்தின் கையில் வந்து விழுந்தன. ஆனால் அவற்றை வாசிக்க ஆளில்லை. பழைய எழுத்தை வாசிக்கத் தெரிந்த ஆசீர்வாதப்பர் சபைத் துறவிகள் கலைந்துபோயினர். பெட்டி நிறையப் பத்திரம் இருந்தும் அதைப் படிக்கும் கண் இல்லாத நிலை! இந்நிலையிலேதான் 1821ஆம் ஆண்டு பெப்ரவரி 22ஆம் நாள் பாரிசு நகரத்திற் பட்டயப் பள்ளி ஒன்றை நிறுவும் கட்டளை பிறந்தது. எக்கோல் டெ சார்த் என்பது அதன் பெயர். மாணவர் தொகை பன்னிரண்டுக்கு மேற்படலாகாது. வயது இருபதுக்கும் இருபத்தைந்துக்கும் இடையில் இருத்தல் வேண்டும். கற்கும் காலத்தில் அரசாங்கம் அவர்களுக்குப் படி கொடுக்கும். அவர்கள் படித்த இடம் வெறும் வகுப்பறையன்று. அரசாங்கப் பதிவகமும் அரச நூலகத்தின் சுவடிப் பகுதியுமே. கையிலே பத்திரத்தை எடுத்து வைத்துக்கொண்டே எழுத்தைப் படிக்கக் கற்றனர். இன்று நாம் பயிலுநர் என்று அழைக்கும் ஏற்பாட்டின் மூலவடிவம் இதுவே எனலாம். முதல் அணி படித்து வெளியேறிய பின் புதியவர் சேர்க்கப்படாமையால் பள்ளி சில காலம் உறங்கிற்று. 1829ஆம் ஆண்டு மீண்டும் எழுந்தது. இன்றும் நடைபெறுகின்றது.

அந்நாட்டிலேயே 1841ஆம் ஆண்டு ஏப்ரல் 24ஆம் நாள் உள்நாட்டு அமைச்சு மாகாணப் பதிவகங்களுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பிற்று. அதன் கருத்துக்கு உரியவர் நத்தாலி டெ வைலி என்னும் அறிஞர். ஓர் அலுவலகத்திலோ ஒரு மடத்திலோ ஒரு குடும்பத்திலோ பிறந்த தாள்கள் யாவும் ஒன்றாகவே இருக்கவேண்டும். பொருள் ஒற்றுமை கருதி அவற்றைப் பிரித்து வேறொன்றின் தாள்களோடு கலக்கலாகாது என்பது அவ்விதி. பின்னர் 1898ஆம் ஆண்டு முல்லர், பெயித், புருவின் என்னும் ஒல்லாந்தர் மூவர் 100 விதிகள் கொண்ட கைந்நூல் ஒன்றை எழுதினர். அலுவலகம் தன் தாள்களை எந்த ஒழுங்கில் வைத்திருந்ததோ அந்த ஒழுங்கையே இயன்றவரை மீட்டு நிறுத்தவேண்டும் என்று அவர்கள் வற்புறுத்தினர். உலகிலுள்ள பதிவகங்கள் பலவும் இன்று இந்த வழியிலேயே நடக்கின்றன.

இது கேட்பதற்கு எளிது. கைக்கு வரும்போது கடினம். நம் வீடுகளில் உள்ள உறுதிப் பெட்டியை நினைத்துப் பாருங்கள். பாட்டியார் ஒரு சீதன உறுதியோடு ஒரு பழைய கடிதத்தையும், வரி கட்டிய பற்றுச்சீட்டு ஒன்றையும், கிழிந்த சாதகக் குறிப்பு ஒன்றையும் சேர்த்து ஒரே துணியில் முடிந்து வைத்திருப்பார். துப்புரவு விரும்பும் பேரன் ஒருவன் வந்து உறுதிகளை ஒரு கட்டாகவும் கடிதங்களை ஒரு கட்டாகவும் சாதகங்களை ஒரு கட்டாகவும் பிரித்து அழகாக அடுக்குகின்றான். பார்ப்பதற்கு நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அந்தக் கடிதம் எந்தக் காணியைப் பற்றியது, அந்தச் சாதகத்துக்கு உரிய பெண் யார் என்பதைச் சொல்லிக்கொண்டிருந்தது அந்த முடிச்சுத்தான். முடிச்சு அவிழ்ந்தவுடன் அறிவும் அவிழ்ந்து போயிற்று. பயிலுநனாகச் செல்லும் மாணவனுக்கு முதல் நாள் சொல்லவேண்டிய பாடம் இதுவே. கையைக் கட்டிக்கொண்டு பார். அவிழ்க்கும் முன் எழுதிக்கொள்.

நிற்க. இந்த விதிகள் நம் நாட்டுக்கு எப்படி வந்தன என்பதைப் பார்ப்போம். ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கும்பனியார் 1640ஆம் ஆண்டு காலிக் கோட்டையைப் பிடித்தனர். 1656இற் கொழும்பும் 1658இல் யாழ்ப்பாணமும் அவர்கள் வசமாயின. வணிகரானபடியால் எழுதுவதில் அவர்களுக்குச் சலிப்பே இல்லை. ஆலோசனைச் சபையின் குறிப்புகள், பத்தேவியாவுக்கு எழுதிய கடிதங்கள், வரிக் கணக்குகள், வழக்குகள், தோம்புகள் என்று எல்லாவற்றையும் எழுதி, படியெடுத்து, கட்டம் செய்து வைத்தனர். 1796ஆம் ஆண்டு கொழும்பு ஆங்கிலேயரிடம் சரணடைந்தபோது இத்தாள்களும் கைமாறின. அடுத்த நூறு ஆண்டும் அவற்றுக்குப் போதாத காலம். புதிய ஆட்சியாளர் பலருக்கு ஒல்லாந்த மொழி தெரியாது. தெரியாத மொழியில் உள்ள தாள் அலுவலகத்துக்குப் பாரம். கறையானுக்கு மொழிப் பேதம் கிடையாது.

இவற்றைக் கவனிக்கவென்றே ஒருவர் நியமனம் பெற்றது 1902ஆம் ஆண்டில். காலியிற் பிறந்த பறங்கியரான ஆர். ஜி. அந்தோனிஸ் என்பவரே அரசாங்கத்தின் முதற் சுவடிக் காப்பாளர். தம்மிடம் ஒப்படைக்கப்பட்டவற்றைப் பார்வையிட்டு 1907ஆம் ஆண்டு ஒல்லாந்தப் பதிவுகள் பற்றிய அறிக்கை ஒன்றை வெளியிட்டார். அவர் காலத்திலேயே சோபியா பீற்றர்ஸ் என்னும் அம்மையார் ஒல்லாந்தத் தேசாதிபதிகளும் கொமாந்தர்களும் எழுதிவைத்த நினைவுக் குறிப்புகளை ஆங்கிலத்திற் பெயர்க்கத் தொடங்கினார். யாழ்ப்பாணக் கொமாந்தர் சுவார்தெக்குரூனின் 1697ஆம் ஆண்டுக் குறிப்பு அவர் மொழிபெயர்ப்பில் 1911இல் வெளிவந்தது. சுவார்தெக்குரூன் மலையாளக் கரைக்குச் சென்றிருந்த காலத்தில் யாழ்ப்பாண ஆலோசனைச் சபை எப்படி நடந்துகொள்ளவேண்டும் என்பதற்காக எழுதிய அறிவுரை அது. யானை விற்பனை, சாயவேர், வரி, பாடசாலை என்று அக்காலத்து யாழ்ப்பாணம் முழுவதும் அதில் அடங்கும். நம் குடாநாட்டைப் பற்றி எழுதும் ஒவ்வொருவரும் அதிலிருந்து எடுத்தாளுகின்றனர். பெயர்த்த அம்மையாரை நினைப்பவர் எத்தனை பேர்?

பின்னர் யூரியான்சே என்னும் ஒல்லாந்தப் பெண்மணி ஒருவர் வந்தார். அவர் பயிற்சி பெற்ற பதிவகத்தார். மேலே சொன்ன மூவரின் விதிகள் பிறந்த நாட்டிலிருந்து வந்தவர். கலைந்து கிடந்த தொகுதிகளை அவை பிறந்த அலுவலகங்களின் ஒழுங்குப்படி வகுத்து, 1640 முதல் 1796 வரையுள்ள ஒல்லாந்த மத்திய அரசாங்கப் பதிவுகளுக்கு அவர் எழுதிய விவரப் பட்டியல் 1943ஆம் ஆண்டு கொழும்பில் அச்சாயிற்று. ஆண்டைக் கவனியுங்கள். உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. 1942ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் யப்பானிய விமானங்கள் கொழும்பிலே குண்டு வீசின. பதிவுகள் பாதுகாப்புக் கருதி நுவரெலியாவுக்கு ஏற்றப்பட்டன. போர் ஓய்ந்த பின்னும் நெடுங்காலம் மலைநாட்டுப் பனியிலேயே அவை இருந்தன. ஏறக்குறைய 7000 தொகுதிகளை மலையேற்றி இறக்கியும் எது எங்கே என்று சொல்ல முடிந்ததென்றால் அதற்குப் பட்டியல்தான் காரணம். பட்டியல் இல்லாத தாள் இருந்தும் இல்லாததே. கறையான் அரித்த தாளுக்கும் கண்டுபிடிக்க முடியாத தாளுக்கும் வாசகனைப் பொறுத்தவரை வேற்றுமை யாது?

இனி, இவையெல்லாம் கொழும்பு வரலாறு, நமக்கென்ன என்று கேட்பார்க்கு இரண்டு சான்று காட்டுவேன்.

ஒன்று தேசவழமை. ஒல்லாந்தத் தேசாதிபதி சைமன்ஸ் யாழ்ப்பாணத்து வழக்கங்களைத் திரட்டுமாறு கட்டளையிட, நெடுங்காலம் இங்கே அலுவல் பார்த்த திசாவை கிளாஸ் ஈசாக்ஸ் 1707ஆம் ஆண்டு அவற்றை ஒல்லாந்த மொழியில் எழுதிக் கொடுத்தார். யான் பீரூஸ் என்பவர் அதைத் தமிழாக்க, பன்னிரண்டு முதலிமார் படித்துப் பார்த்துச் சரியென்றனர். முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்று நாம் இன்றும் வழங்கும் சொற்களின் சட்ட வாழ்வு அந்தத் தாளில் உள்ளது. பின்னர் ஆங்கிலேயர் ஆட்சி வந்தது. 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரமாணத்தினால் தேசவழமை சட்டமாக ஏற்கப்பட்டது. ஏற்பதற்கு ஒரு பிரதி இருந்தபடியால் ஏற்றனர். நூறாண்டு ஒரு கட்டிலே கிடந்த தாள் ஒன்று கிடைக்காமற் போயிருந்தால், எங்கள் காணி வழக்குகளில் எத்தனை வேறு விதமாகத் தீர்ந்திருக்கும் என்பதை நியாயவாதிகளாகிய நம் மூத்தோர் நன்கு அறிவர்.

மற்றையது தோம்பு. சொல் போர்த்துக்கேயருடையது. அவர்கள் 1645ஆம் ஆண்டு யாழ்ப்பாண இராச்சியத்தின் ஊர்களையும் வரிகளையும் எழுதிவைத்த பதிவைக் கொண்டே சேர் போல் பீரிஸ் 1920ஆம் ஆண்டு தமது ஆங்கில நூலை வெளியிட்டார். ஒல்லாந்தர் அந்த வழக்கத்தை விரிவாக்கினர். அவர்களுடைய தலைத்தோம்பிலே குடும்பத் தலைவனும் அவன் வீட்டாரும் செய்யவேண்டிய ஊழியமும், காணித்தோம்பிலே நிலமும் மரங்களும் செலுத்தவேண்டிய இறையும் எழுதப்பட்டன. அரசர் பெயரையும் போர் நடந்த ஆண்டையும் மட்டுமே வரலாறு என்று மனனம் செய்து வந்த எனக்கு, ஓர் உழவன் வீட்டில் எத்தனை பேர், அவன் முற்றத்தில் எத்தனை மரம் என்று எண்ணிவைத்த புத்தகம் உண்டு என்பது தெரிந்தபோது உண்டான வியப்பு இன்னும் அடங்கவில்லை.

இவற்றோடு பாடசாலைத் தோம்பு என்றும் ஒன்று உண்டு. இச்சங்கத்து அன்பர்களுக்கு அதைப் பற்றிச் சற்றே விரித்துச் சொல்லவேண்டும். ஒல்லாந்தர் ஊர்தோறும் கோயிற்பற்றுப் பாடசாலை வைத்து, பிள்ளைகளின் பெயரையும் ஞானஸ்நானத்தையும் விவாகத்தையும் பதிந்தனர். அரசாங்க உத்தியோகத்துக்கும் முறையான விவாகப் பதிவுக்கும் அந்தப் பெயர்ப்பதிவு தேவையாயிற்று. ஆகவே நம் முன்னோரிற் பலர் தோம்பிலே கிறித்தவர், வீட்டிலே சைவர். டொன் என்ற பட்டமும் விவிலியப் பெயரும் தாங்கி, இராக்காலத்தில் வாழையிலையில் விரதச் சோறுண்டு, விடியுமுன் அவ்விலையை ஒளித்துவைத்தனர் என்று கிழவர் சொல்லக் கேட்டிருக்கின்றோம். கேள்விப்பட்ட கதைக்கும் எழுதப்பட்ட தோம்புக்கும் முரண்பாடு வந்தால் எதை நம்புவது?

அவசரக்காரர் இருவகைப்படுவர். தோம்பிற் கண்டதே உண்மை என்று ஒரு சாரார் எண்ணிக்கையைக் கூட்டிக் காட்டுவர். அது அந்நியன் எழுதிய பொய் என்று மற்றொரு சாரார் தள்ளிவிடுவர். மிஷன் பாடசாலையிலே படித்து, வீட்டிலே தேவாரம் ஓதி வளர்ந்தவனாகிய எனக்கு இரண்டும் சரியாகப் படவில்லை. தோம்பு பொய் சொல்லவில்லை. கேட்ட கேள்விக்கு மட்டுமே மறுமொழி சொல்லுகின்றது. ஞானஸ்நானம் பெற்றானா என்று கேட்டனர்; பெற்றான் என்று எழுதினர். எதை நம்பினான் என்று எவரும் கேட்கவில்லை. எந்த அலுவலகம், எந்தத் தேவைக்காக, எவரிடம் கேட்டு எழுதிற்று என்பதை அறிந்தவனுக்கே ஒரு பதிவு உண்மையைச் சொல்லும். அதை அறிவதற்குத்தான் தாள்கள் பிறந்த ஒழுங்கு கலையாமல் இருக்கவேண்டும் என்று அந்தப் பிரெஞ்சுச் சுற்றறிக்கை சொல்லிற்று. வரலாற்று ஆராய்ச்சியும் கட்டுகளை அடுக்கும் வேலையும் ஒன்றே என்று முன்னர் நான் சொன்னதன் பொருள் இதுவே.

அப்படியானால் பயிலுநனாகச் செல்லும் மாணவன் நாள்தோறும் செய்வது யாது? சென்ற ஆண்டு விடுமுறையிலே அரசாங்க அலுவலகம் ஒன்றின் பழைய பதிவறையில் ஆறு வாரம் இருந்தேன். இடத்தின் பெயர் வேண்டாம். முதல் வாரம் முழுதும் தூசி தட்டினோம். மென்மையான தூரிகையால், புத்தகத்தின் முதுகிலிருந்து வெளிப்புறமாக, மூக்கைக் கட்டிக்கொண்டு. அடித்தட்டிலே கறையான் புற்றுக் கட்டியிருந்தது, நடுத்தட்டிலே வெள்ளிப்பூச்சி, மேல்தட்டிலே கூரை ஒழுக்கு. மூன்று உலகமும் ஒரே அலுமாரியில்! பின்னர் குண்டூசிகளை அகற்றினோம். துருப்பிடித்த ஊசி தாளைக் கருக்கி, பிடுங்கினால் ஒரு சொல்லையும் சேர்த்துப் பிடுங்கும். ஆகவே மெல்லிய தகட்டை அடியிற் கொடுத்து நிமிர்த்தி எடுக்கவேண்டும். யாரோ ஒரு புண்ணியவான் கிழிசல்களை ஒட்டுநாடாவினால் ஒட்டியிருந்தார். நாடாவின் பசை மஞ்சளித்து எழுத்தோடு ஒன்றாகிவிட்டது. கிழிந்த தாளைக் காப்பாற்றலாம். அன்பு மிகுந்து நாடா ஒட்டிய தாளைக் காப்பாற்றுவது அரிது.

பழைய தாள் ஏன் அழிகின்றது என்பதை அங்கேதான் கண்ணாற் கண்டேன். அக்காலத்து மை மாசிக்காயும் அன்னபேதியும் சேர்த்துக் காய்ச்சியது. இரண்டும் நம் நாட்டு மருந்துக்கடைச் சரக்குகளே. எழுதும்போது வெளிறித் தோன்றி, காற்றுப் பட்டதும் கறுத்து, தாளின் நரம்போடு ஊறிவிடும். நீரால் அழியாது, அதனாலேயே அரசாங்கங்கள் அதை விரும்பின. ஆனால் அதிலுள்ள புளிப்பு நூறு இருநூறு ஆண்டிற் கோட்டின் வழியே தாளை அறுத்துவிடும். எழுத்து இருந்த இடத்தில் எழுத்தின் வடிவமாக ஒரு துவாரம் மட்டும் இருக்கும். எழுதியதே எழுத்தைத் தின்ற காட்சி அது. ஈரம் அந்த அழிவை விரைவாக்கும். நம் கரையோர ஊர்களின் மாரிக்காலத்தை எண்ணினால், மிஞ்சியிருப்பவை மிஞ்சியதே அதிசயம். பழுதான இடத்துக்கு மெல்லிய யப்பானியத் தாளைக் கோதுமை மாப்பசையால் ஒட்டுவர். அது தேர்ந்தவர் கைவேலை. மாணவரை அதன் பக்கம் விடமாட்டார்கள், விடவும் கூடாது.

மாணவனுக்கு உரியது பட்டியல். ஒவ்வொரு கோவையையும் பிரித்து, எந்த அலுவலகத்தில் எழுந்தது, எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை, எத்தனை தாள், என்ன பொருள், என்ன மொழி என்று எழுதவேண்டும். “பலவகைக் கடிதங்கள்” என்று எழுதி மூடிவிடக் கை துறுதுறுக்கும். அங்கேதான் ஒருவனுடைய கல்வி வெளிப்படும். மனு ஒன்று, அதன் பின்னே உடையாருடைய அறிக்கை, ஒரு நிலப்படம், ஓரத்திலே அரசாங்க அதிபரின் இரண்டு வரிக் குறிப்பு. இந்நான்கும் ஒரு குளத்தைப் பற்றிய ஒரே வழக்கு என்பதைக் கண்டுகொண்டு அதை ஒரு வரியில் எழுதுவதற்கு எனக்கு ஒரு முற்பகல் பிடித்தது. அந்த ஒரு வரியை வைத்து நாளை யாரோ ஒருவர் அக்குளத்தைத் தேடி வருவார்.

கச்சேரித் தாள்களில் என்ன கிடைக்கும் என்பதற்கு ஓர் உதாரணம் போதும். லெனாட் வுல்ப் என்னும் ஆங்கிலேய இளைஞர் 1905ஆம் ஆண்டு தொடக்கத்தில் யாழ்ப்பாணக் கச்சேரிக்குப் பயிற்சி உத்தியோகத்தராக வந்தார். வயது இருபத்துநான்கு, அவரும் ஒருவகையிற் பயிலுநரே. பின்னர் அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராக 1908 முதல் 1911 வரை இருந்தபோது, அக்கால விதிப்படி அலுவல் நாட்குறிப்பு எழுதினார். மாட்டு நோய், உப்பளம், சேனைப் பயிர், வழக்கு என்பனவே அதிற் பெரும்பகுதி. அரை நூற்றாண்டு கோவையிலே கிடந்து 1962ஆம் ஆண்டு அது அச்சேறியபோது, 1913இல் அவர் எழுதிய காட்டுக் கிராமத்து நாவலின் வேர் எங்கே இருந்தது என்று உலகம் அறிந்தது. ஒரு கச்சேரியின் கதை இது. மற்றக் கச்சேரிகளிலும் அதிபர்கள் நாட்குறிப்பு எழுதினர். மக்கள் தமிழிலும் சிங்களத்திலும் மனுக் கொடுத்தனர்.

மொழி பற்றிய இடர் ஒன்று உண்டு. ஒல்லாந்தர் நம் தீவுகளுக்குத் தம் ஊர்ப் பெயர்களை இட்டனர். நெடுந்தீவு டெல்வ்ற் ஆயிற்று. வேலணை லெய்டன் ஆயிற்று. வேலணையார் அந்த லெய்டனுக்குச் சென்றாலன்றித் தம் ஊரைப் பற்றிய தாளை வாசிக்க முடியாத நிலையே பெரும்பாலும் நிலவியது. இந்நூற்றாண்டின் தொடக்கத்திலே லெய்டன் பல்கலைக்கழகம் தானாப் என்னும் திட்டத்தின் கீழ் ஆசிய நாடுகளிலிருந்தும் தென்னாபிரிக்காவிலிருந்தும் இளம் பட்டதாரிகளை அழைத்து, பழைய ஒல்லாந்த மொழியையும் கையெழுத்தையும் கற்பித்தது. இலங்கையிலிருந்து சென்ற நிர்மால் தேவசிறி தோம்புகளை ஆராய்ந்து எழுதிய நூல் 2008ஆம் ஆண்டு வெளிவந்தது. 1740 முதல் 1800 வரை தென்மேற்கு இலங்கையின் உழவர் வாழ்வு எவ்வாறு மாறிற்று என்பதை அது காட்டுகின்றது. யாழ்ப்பாணத்து உழவனைப் பற்றி அத்தகைய நூல் ஒன்று எழுதத் தமிழ் மாணவர் ஒருவர் அந்த எழுத்தைக் கற்றாக வேண்டும். கும்பனியாரின் பதிவுகள் கொழும்பு, சென்னை, யாக்கர்த்தா, கேப்டவுன், ஹேக் ஆகிய இடங்களில் மொத்தம் ஏறக்குறைய இரண்டரைக் கோடிப் பக்கங்கள். 2003ஆம் ஆண்டு யுனெஸ்கோ அவற்றை உலக நினைவுப் பதிவேட்டிற் சேர்த்தது. உலகம் காக்கின்றது என்று நாம் வாளாவிருக்கலாமா?

நம்மவர்க்கு அழிவு புதிதன்று. 1981ஆம் ஆண்டு மே 31ஆம் நாள் இரவு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டது. ஏறக்குறைய 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பலாயின. தொடர்ந்த போரிலே அலுவலகங்கள் இடம்பெயர்ந்தன. தாள்கள் சில லொறியிற் சென்றன, சில இருந்த இடத்திலேயே நனைந்தன. காணி உறுதியையும் பிறப்புச் சான்றையும் இழந்து அலைந்த குடும்பங்கள் நம் ஒவ்வோர் ஊரிலும் உள்ளன. பதிவேட்டின் பிரதி ஒன்று வேறோரிடத்தில் இருக்கின்றதா என்பது அவர்களுக்கு ஆராய்ச்சிக் கேள்வியன்று. வளவு திரும்பக் கிடைக்குமா என்ற கேள்வி. 2005ஆம் ஆண்டு தொடங்கிய நூலகம் என்னும் முயற்சியிலே இளைஞர் பலர் தொண்டராக நின்று தமிழ் நூல்களையும் இதழ்களையும் மின்வடிவிற் காத்து வருகின்றனர். அது நற்பணி. ஆயினும் படம் பிடித்தால் வேலை முடிந்தது என்று எண்ணுவோர்க்கு ஒன்று சொல்லவேண்டும். பட்டியல் இல்லாத பத்தாயிரம் படங்கள், பட்டியல் இல்லாத பத்தாயிரம் தாள்களைப் போன்றவையே. அலுமாரிதான் மாறிற்று.

1973ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கத் தேசிய சுவடிகள் கூடச் சட்டம் அரசாங்கப் பதிவுகளைக் காக்க வழிசெய்துள்ளது. சட்டம் உண்டு, அலுமாரி உண்டு, ஆள் போதாது. ஆகவே மாணவரை அழைக்கின்றனர், அழைப்பது நன்று. ஆனால் மாணவனைக் கூலியில்லாத சுமையாளாக எண்ணி, ஆறு வாரம் பெட்டி தூக்கவைத்து, ஒரு சான்றிதழைக் கையிற் கொடுத்து அனுப்புவது பயிற்சியாகாது. 1821இல் அந்தப் பன்னிருவருக்கும் ஆசிரியர் இருந்தார், படியும் இருந்தது. போக்குவரத்துச் செலவும் மதியச் சோறும் இல்லாமல் ஏழை வீட்டுப் பிள்ளை கொழும்புக்குச் சென்று தங்க இயலாது. வசதி உள்ளவன் பிள்ளை மட்டும் சென்றால், எந்தத் தாள் முக்கியம் என்று முடிவு செய்யும் கண்ணும் வசதி உள்ளவன் கண்ணாகவே இருக்கும். நம் சங்கத்துப் பெரியோர் ஆண்டுதோறும் இரண்டு மாணவருக்கு இவ்வுதவி செய்ய இயலுமா என்று செயற்குழுவிலே எடுத்துப் பேசவேண்டுகிறேன்.

செல்ல விரும்பும் தம்பி தங்கையர் மூன்றாம் மொழியைக் கண்டு அஞ்ச வேண்டுவதில்லை. ஆங்கிலேயர் காலக் கச்சேரிக் கோவைகளுக்கு ஆங்கிலமும் தமிழும் போதும்; சிங்களம் தெரிந்தால் இன்னும் நன்று. பழைய தமிழ்க் கையெழுத்திலே புள்ளி இராது, ஏகார ஓகார வேற்றுமை இராது. உங்கள் வீட்டு உறுதிப் பெட்டியில் உள்ள ஆகப் பழைய உறுதியை எடுத்து, ஒரு வரி விடாமல் வாசித்துப் படியெடுத்துப் பாருங்கள். துணி முடிச்சை அவிழ்க்கும் முன், எது எதனோடு இருந்தது என்று எழுதிக்கொள்ளுங்கள்.